கை தானாக முத்திரை பிடிக்கிறது, தூக்கம்தான் வரவில்லை

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் கொங்குப் பகுதியைச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 36. வீட்டில் கணவர், ஒன்பது வயது மகள், மாமியார். பதினொரு மாதமாகத் தியானம் செய்கிறார். கடைசி நான்கு மாதம் ஒரு குருவின் நேரடி வழிகாட்டலில். அதிகாலை 3.30-க்கு எழுந்து 40 நிமிடம் வேக மூச்சு, பிறகு புருவ மத்தியில் கவனம் வைத்து ஒன்றரை மணி நேரம், இரவு 9 மணிக்கு மேல் இன்னொரு மணி நேரம். சாப்பாடு ஒரு வேளைதான். பால், தயிரையும் விட்டுவிட்டார்.

இரண்டு மாதமாக உச்சந்தலையில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, நெற்றி கனக்கிறது, கண்ணை மூடினால் நீல ஒளி தெரிகிறது. மூச்சுப் பயிற்சியின்போது விரல்கள் தாமாக மடங்கி முத்திரை பிடிக்கின்றன. மூன்று வாரமாக இரவில் மூன்று மணி நேரத் தூக்கமே போதுமென்று ஆகிவிட்டது, களைப்பும் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் நினைப்பது தெரிகிறது, குரு வாட்ஸ்அப் குழுவில் போடும் வாசகங்கள் தனக்கென்றே போடப்படுகின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

உடம்பில் மேலெழும் சக்தி எனப்படும் குண்டலினி, நெஞ்சில் இருப்பதாகச் சொல்லும் அனாகதச் சக்கரத்தைத் தாண்டிவிட்டது என்கிறாராம் குரு. 41 நாள் மௌன விரதம், கணவரைப் பிரிந்து தனிப்படுக்கை, அதன் முடிவில் 1.5 லட்சம் ரூபாய் கட்டி மேல்நிலை தீட்சை. இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால் சக்தி இறங்கிவிடும், டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்துச் சக்கரத்தை மூடிவிடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பணத்துக்கு நகையை அடகு வைக்க ஏற்பாடு நடக்கிறது. கணவர் டாக்டரிடம் போகலாம் என்கிறார்.

வாசகி கேட்பவை: இந்த அனுபவம் உண்மையா, நோயா? மாத்திரை சாப்பிட்டால் இது போய்விடுமா? குருவை விட்டால் குரு துரோகம் ஆகாதா? அவரை விட்டுவிட்டு 10 நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போகலாமா?

மனநல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "பாப்பா பிறந்த பத்தாம் நாள் கொஞ்சம் மனசு சரியில்லாமல் போய் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன், அது முடிந்த கதை." நீல ஒளியைவிட, முத்திரையைவிட, எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். இதைக் குருவிடம் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் கேட்டாரா என்றும் தெரியவில்லை.

பிரசவமான இரண்டு வாரத்துக்குள் மனம் கலங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போவது சாதாரணப் பிரசவச் சோர்வு அல்ல. அப்படி ஒருமுறை வந்தவர்களில் பலருக்கு மனநிலை மிக மேலேயும் மிகக் கீழேயும் போய்வரும் இருமுனை மனநிலைக் கோளாறு எனப்படும் பைபோலார் நோயின் தன்மை உள்ளே இருக்கும். ஆண்டுக்கணக்கில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம், பிறகு ஏதோ ஒன்று தட்டி எழுப்பும். அப்படித் தட்டி எழுப்புவதில் முதலிடம் தூக்கக் கேட்டுக்கு. கைக்குழந்தைக்காக இரவெல்லாம் விழித்தாலும் சரி, பிரம்ம முகூர்த்தத்துக்காக 3.30-க்கு எழுந்தாலும் சரி, மூளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்களுக்கு அந்த நோய்தான் என்று கடிதத்தைப் படித்துவிட்டு நான் முடிவு சொல்ல முடியாது. நேரில் பார்க்காமல் யார் சொன்னாலும் தப்பு. ஆனால் இந்த வாரத்துக்குள் ஒருவர் உங்களை நேரில் பார்க்க வேண்டும். 41 நாள் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் நிலை இது இல்லை.

விரல்கள் ஏன் மடங்குகின்றன

உங்கள் அனுபவங்களை ஒரே மூட்டையாகக் கட்டி உண்மை, பொய் என்று பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த முத்திரை. கட்டை விரல் உள்ளங்கைக்குள் சாய்கிறது, மற்ற நான்கு விரல்களும் ஒட்டிக்கொண்டு நீட்டி நிற்க, அடிமூட்டில் மட்டும் மடங்குகின்றன, பிரிக்க முயன்றால் விறைப்பாக இருக்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது என்று நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். வேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் தனி அயனியாக உலவும் கால்சியம் குறைகிறது. நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் துடிக்க, கைத்தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. பயத்தில் மூச்சு வாங்கி அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களின் கையும் இதே அமைப்பில்தான் இருக்கும். சளி பிடித்து மூச்சுப் பயிற்சியை விட்ட நான்கு நாளும் முத்திரை வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சக்திதான் காரணமென்றால் சளிக்காக அது லீவு போட்டிருக்காது.

நீல ஒளிக்கும் தலை கனத்துக்கும் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. இருட்டில் கண்ணை மூடி நெடுநேரம் இருந்தால் பார்வை நரம்பு மண்டலம் தானாகவே வண்ணங்களைக் காட்டும். இந்த ஒளி தியானம் செய்யும் பலருக்குத் தெரிவதுதான். புருவ மத்தியை உற்றுநோக்கும்போது உங்களை அறியாமலேயே நெற்றித் தசையையும் கண்ணையும் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், பாரம் அதனாலும் வரும். உச்சந்தலை ஊறலுக்கு இன்னொரு காரணமும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாடு, பாலும் இல்லை, ஏற்கெனவே சைவம் என்றால் பி12 வைட்டமின் குறைந்திருக்கலாம். ஹீமோகுளோபின், பி12, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், மூன்றையும் ஒரே இரத்த மாதிரியில் பார்த்துவிடலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் உடம்பு சூடு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும்.

என்னைக் கவலைப்படுத்துவது இவை எதுவும் இல்லை. தூக்கம் வரவில்லை என்பதற்கும் தூக்கம் தேவைப்படவில்லை என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல், பேச்சும் வேலையும் முன்பைவிட வேகமாக இருந்தால், அது மனநிலை மேலே ஏறுவதன் அடையாளம். "யோகிக்குத் தூக்கம் குறையும்" என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல பயிற்சியில் தூக்கத் தேவை கொஞ்சம் குறையலாம், ஏழு மணி நேரம் மூன்றாகிவிடாது.

பிள்ளைகள் நினைப்பது தெரிகிறது என்பதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல வருடம் பாடம் நடத்திய டீச்சருக்கு எந்தப் பையன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுவில் போடுகிற பொதுவான வாசகம் எனக்காகவே என்று தோன்றுவது வேறு. அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க உங்களுக்கு அனுமதியும் இல்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

தியானத்தால் உடம்பும் மனமும் கெடலாம் என்பது ஆங்கில மருத்துவம் கட்டிவிட்ட கதை அல்ல. ஜப்பானிய ஜென் குரு ஹாகுயின் (1686–1769) இளம் வயதில் வெறிகொண்டு தியானம் செய்து, தலை கொதிக்க, கால் பனிக்கட்டிபோல் சில்லிட, காதில் ஓயாத இரைச்சலோடு அவதிப்பட்டார். ஜென் நோய் என்றே அதற்குப் பெயர் உண்டு. உச்சந்தலையில் வைத்த வெண்ணெய் உருகி உள்ளங்கால்வரை வழிவதாகப் பாவனை செய்யும்படி ஹாகுயூ என்ற மலைத் துறவி அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். (நீங்கள் இப்போது அதைச் செய்து பார்க்க வேண்டாம், எந்தப் பாவனையும் வேண்டாம்.) நம் ஊரிலும் இதே அறிவு உண்டு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை யோகப் பயிற்சியில், புருவ மத்தியில் கவனம் வைக்கும் ஆக்கினை தவத்தை அடுத்து சாந்தி தவம் சொல்லித்தருகிறார்கள். புருவ மத்தியில் ஆற்றல் மிகுந்து தலை கனத்தால் கவனத்தை முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்குவதற்கு அது. வண்டியைக் கிளப்பச் சொல்லித்தரும்போதே பிரேக்கையும் காட்டிவிடுகிறார்கள். உங்கள் குரு நான்கு மாதத்தில் பிரேக் எங்கே இருக்கிறது என்று சொன்னாரா?

ரமணர் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாரே என்று கேட்டிருக்கிறீர்கள். 1896-இல் பதினாறு வயதுப் பையனாகத் திருவண்ணாமலைக்கு வந்து, கோயிலின் பாதாள லிங்கச் சன்னதியில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியதுகூடத் தெரியாமல் இருந்தார் என்பது உண்மை. ஆனால் பிற்பாடு தம்மைத் தேடி வந்தவர்களுக்கு அவர் அந்த வழியைச் சொல்லவில்லை. அளவான சாத்விக உணவைத்தான் சொன்னார். வேலையையும் குடும்பத்தையும் விட வேண்டுமா என்று கேட்டவர்களை அந்தந்த இடத்திலேயே இருந்து முயலச் சொன்னார்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வேக மூச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் முன்கதைக்கு அது பிறகும் வேண்டாம். புருவ மத்தித் தியானத்தையும் நிறுத்துங்கள், காலை, இரவு இரண்டையும். திடீரென்று நிறுத்தினால் சக்தி தாறுமாறாகும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். நிறுத்துவதால் உடம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இரண்டு மூன்று நாள் வெறுமையாக இருக்கும், எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

மூன்று வேளை சாப்பிடுங்கள், தயிரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். பகல் 12 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். இரவு 9 மணிக்குக் கைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு 10 மணிக்கு விளக்கை அணைத்துப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டிலேயே இருங்கள், எழுந்து உட்கார்ந்து தியானம் செய்யத் தொடங்காதீர்கள். பகலில் கையும் காலும் வேலை செய்யட்டும்: நடை, துணி துவைப்பது, மகளோடு கடைக்குப் போவது. பள்ளிக்கு 14 கிலோமீட்டர் ஸ்கூட்டியில் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் சீராகும்வரை பேருந்தில் போங்கள்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தனியாரிடமும் போகலாம். ஒன்பது வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அப்போது கூட இருந்த அம்மாவையோ கணவரையோ அழைத்துப் போங்கள், மாத்திரைப் பெயர் அவர்களுக்கு நினைவிருக்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

இரண்டு இரவு தொடர்ந்து கொஞ்சமும் தூங்காமல் போனாலோ, காதில் குரல் கேட்டு இதைச் செய் அதைச் செய் என்று ஏவினாலோ, உடம்பை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, வெளி நோயாளிப் பிரிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்தப் பத்தியை உங்கள் கணவரும் படித்துவிட வேண்டும்.

மாத்திரை சக்கரத்தை மூடுமா?

பெரும்பாலும் முதலில் தருவது தூக்கத்தையும் மனநிலையின் வேகத்தையும் சீராக்கும் மருந்துதான். தொடக்கத்தில் சிலருக்கு மந்தமாக இருக்கும், உணர்ச்சிகள் பஞ்சால் மூடியதுபோல் இருக்கிறது என்பார்கள். அதை மறைக்க மாட்டேன். அப்படி ஆனால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையும் மருந்தையும் மாற்றலாம். அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பது பழைய சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

ஆன்மிகம் என்று சொன்னாலே டாக்டர் பைத்தியம் என்று எழுதிவிடுவார் என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பகுப்பு நூல் 1994-இலேயே மதம், ஆன்மிகம் சார்ந்த சிக்கல் என்று நோயல்லாத ஒரு தனிப் பிரிவைச் சேர்த்துவிட்டது. தெய்வம் தெரிந்தது என்று சொன்னதாலேயே யாரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. தூக்கம், வேலை, பணம், உறவு, முடிவெடுக்கும் திறன் எல்லாம் என்ன ஆகின்றன என்பதைத்தான் நல்ல மருத்துவர் பார்ப்பார். பள்ளிக்குத் தெரிந்துவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-இன்படி உங்கள் சிகிச்சை விவரங்கள் இரகசியம். சட்டத்தில் சொன்ன சில விதிவிலக்குகள் தவிர, அவற்றை வெளியே சொல்லக்கூடாது.

உங்களுக்குக் கிடைத்த அமைதி, மகளிடம் கோபம் குறைந்தது, மாமியாரோடு சண்டை நின்றது, இவையெல்லாம் முதல் ஆறு ஏழு மாதத்தில் வந்தவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது காலையில் இருபது நிமிடம் மட்டும் உட்கார்ந்தீர்கள், ஏழு மணி நேரம் தூங்கினீர்கள். அது உங்களுக்கு உண்மையாகவே கிடைத்தது. மாத்திரை அதை எடுத்துக்கொண்டு போகாது.

குரு துரோகம், தீட்சைப் பணம்

குருவை மாற்றுவது துரோகம் என்றால் பாகவதத்தில் இருபத்துநான்கு குருமார்களைச் சொன்ன அவதூதர் என்ற துறவி பெரும் துரோகியாக இருக்க வேண்டும். மண், தேனீ, மலைப்பாம்பு எல்லாவற்றையும் அவர் குரு என்கிறார். தாயுமானவர் தம் மௌனகுருவின் பின்னாலேயே கிளம்பத் துணிந்தபோது, இப்போதைக்கு இல்லறத்தில் இரு என்று குரு அவரைத் திருப்பி அனுப்பியதாகத்தான் மரபில் சொல்கிறார்கள். குடும்பத்துக்குள்ளேயே மறைக்கச் சொல்வதும், கணவன் மனைவியைப் பிரித்துப் படுக்கச் சொல்வதும் பக்குவம் பார்த்துச் சொல்லப்பட்டவையா, உங்களைத் தனிமைப்படுத்தச் சொல்லப்பட்டவையா என்று யோசித்துப் பாருங்கள். தீட்சைக்குத் தனியாக வரச் சொன்னால் போகாதீர்கள். வரம்பு மீறிய பேச்சோ தொடுதலோ இருந்தால் பெண்கள் உதவி எண் 181.

அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு, தெரியாத விஷயத்தில் தெரிந்ததுபோல் பேசுகிறவராகவும் இருக்கலாம். உங்கள் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

நகையை அடகு வைக்க வேண்டாம். தூக்கம் கெட்டு மனம் வேகமாக ஓடும் நேரத்தில் பெரிய பணமோ கையெழுத்தோ கூடாது என்பதை வீட்டில் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை கொடுத்த தொகைகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் அந்தப் பிடியை வைத்து ஆதாயம் பெற்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 16 அதைத் தகாத செல்வாக்கு என்கிறது. மறுமையில் தம் ஆன்மாவுக்கு நன்மை கிடைக்கும் என்று முதியவர் ஒருவர் குருவுக்குச் சொத்து முழுவதையும் எழுதிக்கொடுத்த வழக்கு 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பானது. பணத்தைத் திரும்பப் பெறும் வழி பற்றி வக்கீலிடம் கேளுங்கள், ஆனால் சிகிச்சை தொடங்கி ஒரு மாதம் கழித்து.

விபஸ்ஸனா, பிறகு தியானம்

இப்போது 10 நாள் முகாம் வேண்டாம். எஸ்.என். கோயங்கா கற்பித்த விபஸ்ஸனா மரபின் முகாமில் கட்டணம் கிடையாது, பழைய மாணவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள், அதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் காலை 4 மணிக்கு எழுந்து, நாளொன்றுக்குச் சுமார் 10 மணி நேரம் பேசாமல் உட்காருவது உங்கள் நிலையில் எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுபோல. விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. இடம் கிடைக்காதோ என்று பலர் அதை மறைத்து எழுதுகிறார்கள். அந்தக் கேள்வி உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது.

மூன்று மாதம் தொடர்ந்து ஏழு மணி நேரத் தூக்கம் இருந்து, மருத்துவரும் சம்மதித்தால், பகல் வெளிச்சத்தில், கண்ணைப் பாதி திறந்து, நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்கார்ந்து, சாதாரண மூச்சை ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே இரண்டு நாள் இறங்கினால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். புதிய ஆசிரியர் கிடைத்தால் முதல் சந்திப்பிலேயே பிரசவ காலத்துக் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பயிற்சியைக் குறைப்பவரிடம் இருக்கலாம். "என்னிடம் வந்துவிட்டாய், எல்லாம் சரியாகும்" என்பவரிடம் வேண்டாம்.

குருவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். நேரில் போக வேண்டாம், விவாதமும் வேண்டாம். இவ்வளவு அனுப்பினால் போதும்: "ஐயா, மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. பாப்பா பிறந்தபோது மனநலச் சிகிச்சை எடுத்திருக்கிறேன். மருத்துவர் சொல்லும்வரை பயிற்சியை நிறுத்தியிருக்கிறேன். தீட்சைக்கும் இப்போது வரவில்லை." அவர் என்ன பதில் போடுகிறார் என்று பாருங்கள். அதை அழிக்காமல் வைத்திருந்து, கணவரிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.